‘கேஷ்’ நம்ம காசுதானா?

“கேஷ் என்பது நம்ம காசுதான்” என்று போன வருடம் வரை நானும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகளின் பேச்சுப்போட்டிக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன். பிறகுதான் யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியை (1886) நிதானமாகப் படித்தேன். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் புழங்கிய சொற்களின் தொகுப்பு அது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன்பே 1882-இல் இறந்துவிட்டார்.

அதிலிருந்து நூல் பிடித்துத் தேடிப் போனால், ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ்! இன்று கடையில் கேட்கும் கேஷ், ரொக்கம். அதன் தடம் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக லத்தீன் ‘காப்ஸா’வுக்குப் போகிறது. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. மற்றொன்று வழக்கொழிந்த கேஷ், சின்னச் செப்புக்காசு. இதுதான் நம்ம காசு. போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சென்னை மாகாணத்தில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803-இல் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய நாணயத்தில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கிறார்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு மாறிகள் ஒன்றாகிவிடாது. எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ஹாப்சன்-ஜாப்சனின் பலம் அதுதான். சொல் எந்த ஆண்டில், யாருடைய எழுத்தில், எந்த வடிவில் வந்தது என்று வரிசையாக மேற்கோள் காட்டுகிறது.

குறையும் உண்டு. காசை வடமொழி ‘கர்ஷ’த்தோடு சேர்க்கும் இடத்தில் அந்தக் கறார் தளர்ந்துவிடுகிறது. கர்ஷம் எப்படிக் காசானது என்ற படிகள் அங்கே இல்லை. நம் வாட்ஸ்அப் ஆய்வாளர்களிடம் கேட்கும் கேள்வியை யூலிடமும் கேட்கத்தான் வேண்டும்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாடினால், உண்மையிலேயே நம்முடையதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அகரத்துக்காரனான எனக்கு ‘செரூட்’ ஒன்றே போதும். அது நம்ம சுருட்டு. உலகம் ‘திருச்சி சுருட்டு’ என்று புகைத்ததற்குப் புகையிலை போனது எங்கள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து. 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் துப்பாகிவிட்டது.

மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். “அப்போ நான் பேசினது தப்பாப்பா?” என்றாள். “பாதி தப்புடா. அதுவும் நான் எழுதினது” என்றேன்.