தயாளன் சாரும் கணக்கு டீச்சரும்

'சாட்டை' படத்தை நீங்கள் தியேட்டரில் பார்க்காவிட்டாலும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு விடுமுறை நாளில், ஏதாவது ஒரு சேனலில் வந்துவிடும். நான் அதை மூன்றாம் முறையாகப் பார்த்தது மீஞ்சூரில், சித்தி மகள் வீட்டில். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லாரிகள் போகிற வழியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். பள்ளியின் பெயர் வேண்டாம். அவள் அங்கே இன்னும் பல வருஷம் வேலை பார்க்க வேண்டும்.

சமுத்திரக்கனி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தார். இவள் விடைத்தாள் கட்டிலிருந்து நிமிர்ந்து, "இவரு பேப்பர் திருத்தி எங்கேயாச்சும் காட்றாங்களாண்ணா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

அன்பழகன் இயக்கி 2012 செப்டம்பரில் வந்த படம். மட்டமான பெயரெடுத்த ஓர் அரசுப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியராக வருகிறார் தயாளன். உதவித் தலைமையாசிரியர் சிங்கப்பெருமாளாகத் தம்பி ராமையா. நல்லது எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தயாளன் பிரம்பை நம்பாதவர். பிள்ளைகளிடம் பேசியே ஜெயிக்கிறார். அரசுப் பள்ளி என்றாலே காமெடி டிராக் என்றிருந்த தமிழ் சினிமாவில் இது பெரிய காரியம். தம்பி ராமையாவைப் பார்த்ததும் நாம் படித்த பள்ளியில் இருந்த ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். அது வரைக்கும் எனக்குப் படத்தின் மேல் புகாரே இல்லை.

புகார் வேறு. ஒரு பள்ளி ஏன் உருப்படவில்லை என்ற கேள்விக்கு இந்தப் படம் தரும் பதில், அங்கே கெட்ட வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்பது. நல்லவர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். 2019-ல் வந்த 'ராட்சசி'யிலும் இதே கணக்குதான். அதில் தயாளனுக்குப் பதில், ராணுவத்திலிருந்து வந்த தலைமையாசிரியை கீதாராணி. ஜோதிகா கம்பீரமாகச் செய்திருந்தார். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போது, 'எல்லா டீச்சரும் இப்படி இருந்தா...' என்று பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுதான் என் பிரச்னை. இந்தப் படங்கள் முடிந்து வெளியே வரும்போது நாம் யார் மேலே கோபப்படுகிறோம்? கல்வித் துறை மேல் இல்லை. தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சர் மேல்.

சரி, அந்த டீச்சரைப் பார்ப்போம். 2003-ல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்தார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அதை நாடு முழுக்கச் சொன்னது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் இதை மாற்றியபோதும் தமிழ்நாடு மாற்றவில்லை. இரண்டுமே சரி என்பது என் கட்சி. பிரம்படி வாங்கி உருப்பட்டேன் என்று சொல்லும் பெரியவர்கள், அதே அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடிய பக்கத்து பெஞ்சுக்காரனைப் பற்றிப் பேசுவதே இல்லை.

"கம்பைப் புடுங்கிட்டாங்க. நல்லதுதான். கைல வேற என்ன குடுத்தாங்க?" என்கிறாள் இவள்.

கொடுத்தது செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள். எமிஸில் வருகைப் பதிவு, நலத்திட்டக் கணக்கு, தேர்தல் வந்தால் பூத் டியூட்டி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பையன் ஒன்பதாம் வகுப்பில் இவளிடம் வந்து சேர்கிறான். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்பது இவளிடம்தான். 2022-ல், மாணவர்கள் ஆசிரியர்களிடம் அத்துமீறும் வீடியோக்கள் பரவின. அப்படிப்பட்டவர்களை, காரணத்தைச் சான்றிதழிலேயே எழுதி அனுப்பிவிடுவோம் என்று அமைச்சர் அறிவித்தார். அனுப்பி? எங்கே?

'சாட்டை' வந்த அதே 2012-ன் பிப்ரவரியில், சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பையன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அவன் சரியாகப் படிப்பதில்லை என்று அவர் டைரியில் எழுதியனுப்பியதுதான் காரணம் என்றார்கள். அவன் பார்த்த ஓர் இந்திப் படத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். படிப்பில் பின்தங்குகிற பையனைப் பற்றி டைரியில் எழுதுவதைத் தவிர ஓர் ஆசிரியைக்கு வேறு என்ன வழி வைத்திருந்தோம் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை.

இவள் வகுப்பிலும் ஒரு பையன். முதல் பீரியடிலேயே தூங்குவான். இரண்டு தடவை எழுப்பினாள். மூன்றாவது தடவை, "தூங்கறதுக்கு எதுக்குடா இங்க வர்றே? வீட்லயே படு" என்றாள். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது. அப்பாவுக்கு ஆற்றில் இறால் பிடிக்கிற தொழில். ஆற்றில் சாம்பல் படிந்து இறால் போய்விட்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரியெல்லாம் வரிசையில் நிற்குமே, அந்த டிரைவர்களுக்குக் கேனில் டீ விற்கிறான் பையன். விடிந்த பிறகுதான் வீடு.

"நான் அவனைத் தொடக்கூட இல்லண்ணா" என்றாள்.

தொடவில்லைதான். ஆனால் 'மனம் நோகச் செய்வது' என்று விதியில் இருப்பதில் அந்த ஒரு வாக்கியமும் சேரும். அவளுக்கே தெரியும். வீடு தேடிப் போனாள். அம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம்.

தயாளன் சாராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு நல்ல வசனம் பேசியிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையன் பின்னாலேயே வந்திருப்பான்.

டி.வி.யில் கிளைமாக்ஸ் வந்தபோது இவள் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு விடைத்தாள்களை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் நாற்பத்து மூன்று பேர். ரொம்ப நாளாக வராதவன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தினமும் காலையில் அவனுக்கு 'ஆப்சென்ட்' போட்டுக்கொண்டிருக்கிறாள்.