டிரெயின் பிளக்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

காரில் கூலன்ட் மாற்றுவது வீட்டு வாசலிலேயே முடிக்கக்கூடிய வேலை. ஆனால் பல வண்டிகளில் பழையதை வடிப்பதற்குள்ளேயே ஆள் சலித்துப்போகிறார். ரேடியேட்டரின் அடிமூலையில், பம்பருக்குப் பின்னால், கை முழுதாக நுழையாத இடுக்கில் டிரெயின் பிளக் இருக்கிறது. திறந்தால் கூலன்ட் நேராக விழுவதில்லை. சட்டத்தில் பட்டுத் தெறித்து, அடியிலுள்ள மூடுதகட்டில் பரவி, நாலு பக்கமும் ஒழுகுகிறது. இந்தத் தொல்லைக்குச் சிலர் கண்டுகொண்ட தீர்வு, பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு நெம்புகோல் வைத்த பித்தளை வால்வு ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிடுவது.

இதன் நோக்கத்தை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். கடினமான வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போன வேலை மறந்துபோகும். கூலன்டில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகள் நாளாக நாளாகத் தீர்ந்துவிடுகின்றன. பிறகு அந்தத் திரவமே அலுமினியத்தை அரிக்கத் தொடங்குகிறது. குறைந்த கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டும் நம் ஊர் வழக்கத்தில், உப்பு படிந்து குழாய்கள் அடைபடும் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சிந்துவதும் சிறிய விஷயமில்லை. பெரும்பாலான கூலன்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. தரையில் தேங்கியதை நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். ஆகவே, ஒரு சொட்டும் சிந்தாமல் கேனில் இறக்க வழிசெய்யும் எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கதே.

கேள்வி, அந்த வசதியை எங்கே சேர்ப்பது என்பதுதான்.

பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் ரேடியேட்டர் செம்பு, பித்தளையால் ஆனது. அடித்தொட்டியில் பற்றவைத்த பித்தளைத் திருகுவாயில் பித்தளை வால்வு கச்சிதமாக உட்காரும். உலோகத்தின் மேல் உலோகம்; இழுத்தாலும் இறுக்கினாலும் தாங்கும். அங்கே இந்த மாற்றத்தைக் குறைசொல்ல அதிகமில்லை. அதிர்வில் நெம்புகோல் தானே திறந்துகொள்ளாதபடி ஒரு பூட்டு இருந்தால் போதும்.

இன்றைய கார்களின் நிலைமை வேறு. நடுப்பகுதி அலுமினியம்; தொட்டி கண்ணாடி இழை கலந்த நைலான். பிளக்கும் பிளாஸ்டிக். அதன் திருகுமரை கசிவைத் தடுப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது ஓ-ரிங் அல்லது ரப்பர் வாஷர். இங்கே பித்தளை வால்வை மாட்டும்போது மூன்று தீங்குகள் நேர்கின்றன. முதலாவது, கடையில் கிடைக்கும் பல உலோக இணைப்புகளின் மரை நுனி நோக்கிச் சரிந்திருக்கும். இறுக்க இறுக்க அது ஆப்பாக இறங்கிப் பிளாஸ்டிக் வாயைப் பிளக்கிறது. மேலே டெஃப்லான் டேப் சுற்றினால் பிளவு இன்னும் சீக்கிரம் வரும். இரண்டாவது, வால்வின் எடை வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த வாயை ஆட்டிப் பார்க்கிறது. மூன்றாவது, கீழே நீட்டிக்கொண்டிருப்பது வேகத்தடையிலோ கல்லிலோ அடிபடும். கூலன்ட் முழுவதும் நெடுஞ்சாலையில் கொட்டிப்போனால், ஓட்டுநர் கவனிப்பதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். வாய் பிளந்த தொட்டியைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது; ரேடியேட்டரையே மாற்றவேண்டி வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அரைமணி நேரச் சலிப்பைத் தவிர்க்க, அன்றாடம் இவ்வளவு ஆபத்தைச் சுமந்து செல்வது சரியான கணக்கில்லை.

பிளக்கைத் தொடாமல் கீழ் ஹோஸைக் கழற்றுவது இன்னொரு வழி. டிரெயின் பிளக்கே இல்லாத வண்டிகளில் அதுதான் ஒரே வழி. வாய் பெரிதென்பதால் அடிவண்டலும் சேர்ந்து வெளியேறும். ஆனால் கூலன்ட் ஒரே பாய்ச்சலில் கொட்டும். பழைய ஹோஸ் கிழியவும் கூடும். வேகம் கிடைக்கிறது, சுத்தம் போய்விடுகிறது.

என் முடிவு இதுதான்: வசதியை, கசிவைத் தடுக்கும் அடைப்புக்கு வெளியே சேர்க்க வேண்டும், அடைப்பில் கை வைக்கக் கூடாது. பிளக்கின் கீழ் மூக்கு இருந்தால், வடிக்கும் நேரத்தில் மட்டும் மெல்லிய டியூபைச் செருகிக் கேனில் விடலாம். கை எட்டாத இடத்துக்கு, பிளக்கின் தலையில் பொருந்தும் நீண்ட சாவி ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் புது ஓ-ரிங் போட்டு, கையால் இறுக்கினாலே கசியாது. கட்டிங் பிளேயரால் திருகி ஒடித்த பிளக்குகள்தான் பலரை வால்வு பக்கம் தள்ளியிருக்கின்றன. ஒடிந்தால் அதே வண்டிக்குரிய புதுப் பிளக்கை வாங்கிப் போடுவதே மலிவான வழி.

பிளக் எவ்வளவு எளிதானாலும் இரண்டு விஷயங்கள் மாறாது. ஒன்று, ரேடியேட்டரை வடித்தாலும் என்ஜின் பிளாக்கில் கணிசமான கூலன்ட் தங்கிவிடும். அதற்குத் தனி வழி பார்க்க வேண்டும். இன்னொன்று, சூடான என்ஜினில் பிளக்கையோ மூடியையோ தொடவே கூடாது. ரேடியேட்டர் மூடி ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. திறந்த நொடியில் அது ஆவியாகச் சீறிக் கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். கைக்கெட்டும் வால்வு, சூடு ஆறுமுன் திறக்கும் அவசரத்துக்கும் துணைபோகிறது.

உரிமையாளர்கள் இப்படிக் குறுக்குவழி தேடுவதற்குப் பெரும்பொறுப்பு வண்டி தயாரிப்பவர்களுடையது. டியூப் மாட்ட ஒரு மூக்கு, சாவி பிடிக்க ஆறுபட்டைத் தலை, மூடுதகட்டில் பிளக்குக்கு நேராக ஒரு துளை: வடிவமைக்கும்போதே சேர்த்தால் இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பராமரிப்பை எளிதாக்குவது வடிவமைப்பின் கடமை. அதை அவர்கள் செய்திருந்தால், பித்தளை வால்வைத் தேடி யாரும் கடைக்குப் போக வேண்டியிருக்காது.