ஞாயிறு மறையுரைச் சிந்தனைகளில் நிலமும் பொழுதும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

கத்தோலிக்கத் திருப்பலியில் நற்செய்தி வாசகத்தை அடுத்து ஆற்றப்பெறும் மறையுரையும், அதனையொட்டி எழுத்தில் வெளிவரும் ஞாயிறு இறைவார்த்தைச் சிந்தனையும் தமிழ் உரைநடையின் பழைய மரபொன்றின் தொடர்ச்சியாகும். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம், தத்துவ போதகரின் உபதேச நூல்கள், ஈழத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் இயற்றிய சுவிசேஷ விரித்துரை, வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம் என நீளும் இம்மரபில், மறையுரை இன்றும் வாரந்தோறும் புதிதாகப் பிறக்கும் வகையாக உள்ளது. வாரத்தோடு மறைந்துவிடும் இயல்பினதாதலின் இலக்கியத் திறனாய்வின் பார்வை இதன்மீது பெரிதும் படிந்ததில்லை. இவ்வகை தன் வடிவத்தால் எதனைப் பெறுகிறது, எதனை இழக்கிறது என்பதைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழர் வாழும் எல்லைப் பகுதிகளைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

களம்

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. இவற்றுள் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களின் இலத்தீன் வழிபாட்டுமுறைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தனர். 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் நிறுவப்பட்டதும் அவர்கள் அதன்கீழ் வந்தனர். மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் 1930-இல் தோன்றிய விஜயபுரம் மறைமாவட்டத்திற்கு உட்பட்டவர். இரு பகுதியினருக்கும் திருச்சபை ஆட்சி கேரளத்தைச் சார்ந்தது. விவிலியத்தின் தமிழோ தமிழகத்திலிருந்து வருவது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பே தமிழ்த் திருப்பலியில் ஒலிக்கிறது. எனவே இங்கு ஞாயிறு மறையுரை, பக்திக்குரிய பேச்சாக இருப்பதோடு, சிறுபான்மை மொழியொன்று வாரந்தோறும் பொதுவில் முறையாக ஒலிக்கும் இடமாகவும் அமைகிறது.

வாசக அமைப்பும் மறையுரை வடிவமும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய சாசனம் (1963) விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு மிகுதியாகத் திறந்துவிட வேண்டுமெனவும், ஞாயிறு திருப்பலியில் மறையுரை விடுபடலாகாது எனவும் வகுத்தது. அதன் பயனாக 1969-இல் மூன்றாண்டுச் சுழற்சி கொண்ட வாசக நூல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் மத்தேயுவும் இரண்டாம் ஆண்டில் மாற்கும் மூன்றாம் ஆண்டில் லூக்காவும் முதன்மை பெறுவர். பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்துமாறு பழைய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும். இரண்டாம் வாசகம் அவ்வாறன்று. திருமுகம் ஒன்றன் பகுதிகள் வாரம் வாரமாகத் தம்போக்கில் தொடர்ந்து செல்லும்.

இவ்வமைப்பே மறையுரையின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது. பரவலாக வழங்கும் சிந்தனைகள் ஒரு சிறுகதையோடு அல்லது நிகழ்ச்சியோடு தொடங்கி, முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் ஒரு கருத்தால் இணைத்து, அக்கருத்தை அன்றாட வாழ்வுக்குரிய அறமாக்கி, மன்றாட்டோடு முடிகின்றன. பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் தொலைவில் நிற்கும் சொற்களை மாட்டு என்னும் உத்தியால் கூட்டிப் பொருள் கொண்டதைப் போன்றது இம்முறை. மாட்டுக்குப் பொருந்தாதது விடுபடும் என்பதே இதன் குறை. பொதுக்காலத்தில் அவ்வாறு விடுபடும் வாய்ப்பு மிகுதியும் இரண்டாம் வாசகத்துக்கே உண்டு. ஒரு கருத்துக்குள் அடங்காமையால் அது சிந்தனையின் ஓரத்தில் நின்றுவிடுகிறது.

மற்றொரு குறையைத் தொல்காப்பிய நெறியால் விளக்கலாம். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்துக்குரிய கருப்பொருள், உணர்வாகிய உரிப்பொருள் எனப் பாடலின் பொருளை அகத்திணையியல் மூன்றாகப் பகுக்கும். ஞாயிறு சிந்தனைகளிற் பல விவிலியப் பகுதியிலிருந்து உரிப்பொருளை மட்டும் பிரித்தெடுத்து நம்பிக்கை, பொறுமை, மன்னிப்பு எனப் பெயரிடுகின்றன. விவிலியப் பகுதிக்குரிய நிலமும் பொழுதும் கேட்போர்க்குரிய நிலமும் பொழுதும் ஒருங்கே மறைகின்றன. இவ்விரு குறைகளும் எவ்வளவு பெரியன என்பதை எல்லைப் பகுதியின் மூன்று காலங்கள் காட்டும்.

மூணாறு, செப்டம்பர் 2015

2015 செப்டம்பர் முதல் வாரத்தில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், 20 விழுக்காடு போனஸ் கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். பெரும்பாலோர் தமிழர். தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி நிறுத்திப் பெண்களே முன்னின்ற இவ்வியக்கம் பின்னர் ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர் பெற்றது. செப்டம்பர் 13 ஞாயிறன்று போனஸ் கோரிக்கை தீர்ந்தது. 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்க வேண்டுமென்ற கோரிக்கை நீடித்து, அக்டோபரில் 301 ரூபாய் என முடிந்தது.

அவ்வாண்டு மாற்குவுக்குரியது. செப்டம்பர் 6, பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு. நற்செய்தி, காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரின் நா கட்டவிழ்ந்ததைக் கூறுவது (மாற் 7:31-37). பேச்சற்றவர் பேசும் இப்பகுதிக்கு அவ்வாரத்து மூணாற்றுத் தெருவைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாம் வாசகம், பொன் மோதிரம் அணிந்தவருக்கு இருக்கையும் ஏழைக்கு நிற்குமிடமும் தரும் சபையைக் கடிந்துகொள்வது (யாக் 2:1-5). செப்டம்பர் 13-இல், உணவும் உடையும் இல்லாதவரை வாழ்த்தி மட்டும் அனுப்பும் நம்பிக்கை செத்தது என்னும் பகுதி (யாக் 2:14-18) வாசிக்கப்பட வேண்டியதாக இருந்தது.

கூலிப் பேச்சு முடியாதிருந்த செப்டம்பர் 27-க்குரிய வாசகங்களே இக்கட்டுரைக்கு முதன்மையான சான்றாகும். முதல் வாசகம் பாளையத்தில் இறைவாக்குரைத்த எல்தாது, மேதாது ஆகியோரைப் பற்றியது (எண் 11:25-29). நற்செய்தி, சீடர் குழுவைச் சேராத ஒருவர் பேயோட்டியதைத் தடுக்க வேண்டாமென்பது (மாற் 9:38-48). இவ்விரண்டும் எளிதில் மாட்டேறும்; ‘பரந்த மனம்’ என்னும் தலைப்பில் நல்லதொரு சிந்தனை அமையும். ஆனால் இரண்டாம் வாசகம், வயலில் அறுவடை செய்தோருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதையும், அது ஆண்டவரின் செவிக்கு எட்டியதையும் கூறுவது (யாக் 5:1-6). கூலிக்காகப் பேச்சு நடந்துகொண்டிருந்த மலையில், கூலியைப் பற்றிய பகுதி அந்நாளுக்குரிய வாசகமாகவே அமைந்திருந்தது. அதனை எவரும் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை; விட்டுவிடாதிருந்தால் போதும். அன்றைய பொருளை மாட்டுக்குள் அடங்காத வாசகமே தாங்கி நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

பெட்டிமுடி, ஆகஸ்ட் 2020

2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு தோட்டத் தொழிலாளரின் லயங்களைப் புதைத்தது. இறந்தோர் 70 பேர். நால்வரின் உடல்கள் கிடைக்கவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகை எட்டியது. பாதை சிதைந்ததால் மீட்புப் பணி மேலும் தாமதித்தது.

மூன்றாம் நாளாகிய ஆகஸ்ட் 9, பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு. அன்றைய முதல் வாசகம், ஓரேபு மலைக்குகையில் எலியா கண்டதைக் கூறுவது (1 அர 19:9,11-13). மலைகளைப் பிளந்து பாறைகளை உடைக்கும் காற்று வீசுகிறது, நிலம் நடுங்குகிறது, தீ எழுகிறது. அவற்றில் ஆண்டவர் இல்லை. நற்செய்தி, கடலில் மூழ்கிய பேதுருவை இயேசு கை நீட்டிப் பிடித்ததைச் சொல்வது (மத் 14:22-33). வழக்கமான மாட்டு இவற்றிலிருந்து ‘புயலிலும் அமைதி’ என்னும் ஆறுதலைப் பெறும். நிலத்தை நீக்கிவிட்டால் அவ்வாறுதல் எங்கும் செல்லும்; பெட்டிமுடியில் செல்லாது. அங்கே பிளந்த மலை உருவகம் அன்று. நற்செய்தியில் கை நீண்டது ‘உடனே’ என்னும் சொல்லோடு கூறப்படுகிறது. பெட்டிமுடியில் கை விடியும்வரை நீளவில்லை. இச்சொல்லைக் கடந்து செல்லும் சிந்தனை கேட்போரின் இரவைக் கடந்து செல்கிறது.

நிலத்தோடு வைத்துப் படிக்கும்போது அதே பகுதி வேறொன்றைத் தருகிறது. மலை பிளந்ததில் ஆண்டவர் இல்லை என்னும் கூற்று, பேரழிவைத் தண்டனையாகவோ திருவுளமாகவோ விளக்கும் பேச்சுக்கு இடமளிக்காத கூற்றாகிறது. ‘உடனே’ என்னும் சொல் ஆறுதலாக இருந்த நிலை மாறி, செங்குத்தான சரிவின்கீழ் லயங்களை வைத்தோரையும் பாதை பேணாதோரையும் நோக்கிய அளவுகோலாகிறது. மேலும், இங்கும் இரண்டாம் வாசகமே நிகழ்வை நேரில் சந்திக்கிறது. தம் இனத்தாரை எண்ணித் தம் உள்ளத்தில் ஓயாத வேதனை இருப்பதாகப் பவுல் கூறும் பகுதி அது (உரோ 9:1-5). அவர்தம் வேதனைக்குக் காரணம் வேறு. எனினும் ஆறுதலுக்கு விரையாமல் உறவினருக்காகத் துயருறும் குரல், வழிபாட்டுக்குள்ளேயே அன்றைக்கு வைக்கப்பட்டிருந்தது. மலையும் யாமமும் குறிஞ்சிக்குரியன; அன்று அவற்றிற்கு இரங்கலே உரிப்பொருளாயிற்று. அதற்குரிய வாசகம் மூன்றனுள் இதுவொன்றே.

சித்தூர்க் கிணறுகள்

தவக்காலத்தில் மூன்று வாசகங்களும் இயைபு நோக்கித் தேர்ந்தெடுக்கப்படுவதால் இரண்டாம் வாசகம் விடுபடும் சிக்கல் அங்குக் குறைவு. நிலம் விடுபடும் சிக்கலோ அங்கும் உண்டு. முதல் ஆண்டின் தவக்காலம் மூன்றாம் ஞாயிற்றில், பாலைநிலத்தில் தாகத்தால் வாதிட்ட மக்களுக்குப் பாறையிலிருந்து நீர் கிடைத்ததும் (விப 17:3-7), சமாரியப் பெண் நண்பகலில் கிணற்றடிக்கு வந்ததும் (யோவா 4:5-42) வாசிக்கப்படும். நண்பகல், தொல்காப்பியர் பாலைக்கு வகுத்த சிறுபொழுது. சிந்தனைகள் பெரும்பாலும் குடத்தையும் கிணற்றையும் விரைவில் கடந்து ‘வாழ்வு தரும் தண்ணீர்’ என்னும் ஆன்மிகப் பொருளை அடைந்துவிடுகின்றன.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்தது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு உடன்பாட்டின்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய 7.25 டி.எம்.சி. நீர் இரு மாநிலங்களுக்கிடையே தொடர்ந்து பேசப்படும் பொருள். இதே வட்டத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோக்ககோலா ஆலையால் கிணற்றுநீர் கெட்டதென 2002 ஏப்ரல் 22-இல் பழங்குடி மக்கள் போராட்டம் தொடங்கினர். முன்னின்றவர்களுள் மயிலம்மா என்னும் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். ஆலை 2004 மார்ச்சில் நின்றது. மேற்கூறிய வாசகங்கள் 2002 மார்ச் 3-க்குரியனவாக இருந்தன. போராட்டம் கத்தோலிக்கருடையதன்று, ஆயினும் கிணற்றடியில் ஒரு பெண் நீரைப் பற்றிக் கேள்வி கேட்பது அவ்வட்டத்தில் உருவகம் மட்டுமாக இருக்க இயலாது. யோவான் நற்செய்தியிலும் ஆன்மிகப் பொருள் பின்னரே வருகிறது. தாகமும் ஆழமான கிணறும் முகக்க ஏதுமில்லாத நிலையும் முன்னர் வருகின்றன.

மறுப்பும் விடையும்

மறையுரை சமூக விமரிசனம் ஆகாது, வாசகங்களை அன்றைய நிகழ்வோடு பொருத்துவது அவற்றைச் செய்தித்தாளின் துணைநூலாக்கும் என்னும் மறுப்பு எழலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. முன்கூட்டியே கொண்ட கருத்துக்குச் சான்றாக வசனம் தேடும் சிந்தனையும் இரண்டாம் வாசகத்தை விடுவதைப் போன்ற பிழையே. ஆயின் இங்குக் காட்டிய சான்றுகளில் வாசகங்கள் நிகழ்வுக்காகத் தேடப்பட்டவை அல்ல. உலகெங்கும் அன்றன்று வாசிக்க வேண்டியனவாக முன்னரே வகுக்கப்பட்டவை. உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்பது இலக்கணம். ஓரேபு இராஜமலையோடும் சமாரியக் கிணறு சித்தூர்க் கிணற்றோடும் மயங்குவது அவ்வகையில் ஏற்புடையது. திருத்தந்தை பிரான்சிசின் 2013-ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரை, மறையுரையாளர் இறைவார்த்தையோடு மக்களுக்கும் செவிகொடுக்க வேண்டுமென்று கூறுவதும் இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

ஞாயிறு சிந்தனை அன்றாட வாழ்வோடு விவிலியத்தை இணைப்பதாகக் கூறிக்கொள்ளும் வகை. அன்றாடம் என்பது எவருடைய அன்றாடம் என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. அனைவருக்கும் பொதுவானதாக அமைய விழைவதால் எவருக்கும் உரியதாக ஆவதில்லை. வாசகங்களை ஒரே கருத்துக்குள் அடக்காமல் இரண்டாம் வாசகத்தைத் தனிக்குரலாக நிற்கவிடுதல், விவிலியப் பகுதியின் நிலத்தையும் பொழுதையும் உரிப்பொருளுக்கு முன்வைத்தல் ஆகிய இரண்டும் இவ்வகையின் குறையைப் போக்கும் எனலாம். மூணாற்று லயங்களிலும் சித்தூர்ச் சிற்றூர்களிலும் தமிழில் ஆற்றப்பெறும் மறையுரைகள் பதிவாகித் தொகுக்கப்பெறின், தமிழ் உரைநடை ஆய்வுக்கு அவை புதிய மூலங்களாகும். கூலியையும் நீரையும் புதையுண்டோரையும் பற்றித் தமிழ் மறையுரை என்ன சொன்னது, எங்கே மௌனம் கொண்டது என்பதற்கு அத்தொகுப்பே சான்றாக அமையும்.