கேச் கோளாறு: மூன்று பிரவுசர்கள், ஒரு பழைய கணினி

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரவுசிங் சென்டர் அது. ஹால் டிக்கெட், பட்டா, ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுப்பதுதான் அன்றாட வேலை. அங்கிருந்த விண்டோஸ் 10 கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றையும் சோதித்தேன். பிரவுசர் சேமித்துவைக்கும் நகல்களான கேச் மக்கர் செய்தால் எதில் சுலபமாகச் சரிசெய்யலாம்?

சோதிக்க நல்ல கேஸும் கிடைத்தது. திருச்சிக் கல்லூரி ஒன்றின் தேர்வு அட்டவணை மாறியிருந்தது. மாணவியின் போனில் புதிய தேதி, கடைக் கணினியின் குரோமில் பழைய தேதி. "டெம்ப் ஃபைல் எல்லாத்தையும் அழிச்சுட்டேன் சார், அப்பவும் பழசுதான் வருது" என்றார் கடைக்காரர். அவர் அழித்தது விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரை. குரோம் தன் கேச்சைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறது; டெம்ப்பைத் துடைத்தால் அது அசையாது.

அட்டவணை மாறியும் அது இருந்த பிடிஎஃப்பின் பெயர் மாறவில்லை. இந்தக் கோப்பை இத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் சொல்லியிருந்தால், கெடு முடியும்வரை பிரவுசர் கையிருப்பையே நீட்டும்.

முதலில் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே புதியது வந்தால் கேச்தான் காரணம். அங்கேயும் பழசு என்றால் கோளாறு வேறெங்கோ. அடுத்து கன்ட்ரோல்+ஷிப்ட்+ஆர். மூன்று பிரவுசர்களிலும் இது கேச்சை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தைப் புதிதாக இறக்கும். பெரும்பாலும் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் கன்ட்ரோல்+ஷிப்ட்+டெலீட்; கேச்சை அழிக்கும் பெட்டி திறக்கும். குரோமில் இங்கே இரண்டு பொறிகள். நேரம் 'லாஸ்ட் அவர்' என்று இருந்தால் போன வாரக் கோப்பு அப்படியே தங்கிவிடும். 'ஆல் டைம்' தேர்ந்தெடுங்கள். குக்கீஸ் டிக்கை எடுத்துவிட்டு 'கேச்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' மட்டும் வையுங்கள். இல்லையென்றால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

ஃபயர்பாக்ஸில் ஒரு தளத்தை மட்டும் துடைக்க வழி உண்டு. ஹிஸ்டரி பட்டியலில் ரைட் கிளிக் செய்து 'ஃபர்கெட் அபவுட் திஸ் சைட்' கொடுத்தால் போதும். அந்தத் தளத்தின் ஹிஸ்டரியும் குக்கீகளும் சேர்ந்தே போகும். மூடும்போதே கேச்சைத் தானாக அழிக்கும் வசதி ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. குரோமில் அதற்கு கெஸ்ட் மோடை நாட வேண்டும்.

அதற்காக வீட்டுக் கணினியில் தினமும் கேச்சை அழிக்காதீர்கள். ஒவ்வொரு தளத்தையும் முதலிலிருந்து இறக்க வேண்டிவரும். டேட்டாவும் நேரமும்தான் வீண்.

தீர்ப்பு: வீட்டுக்கு எதுவானாலும் சரி. பலர் மாறி மாறி உட்காரும் கடைக்கு ஃபயர்பாக்ஸ். கல்லூரித் தளத்தை நிர்வகிப்பவர்கள் புதிய அட்டவணை ஏற்றும்போது கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துவிட்டால், மாணவர்களுக்கு இந்த வித்தை எதுவுமே தேவைப்படாது.