விற்க முடியாத கிழக்கெல்லை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் வீட்டுமனை விளம்பரங்களைப் படித்துக்கொண்டே போகலாம். விளம்பரம்தானே என்று தள்ளிவிடாமல் அவற்றை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும். 'சீ வியூ', 'பிரைவேட் பீச்', 'கேட்டட் கம்யூனிட்டி' என்ற மூன்று சொற்களைச் சுற்றியே இப்பிரதி கட்டப்பட்டிருக்கிறது. கடல் என்பது பார்ப்பதற்கு. கரை என்பது தனக்கு மட்டும். சமூகம் என்பது வாயிற்கதவுக்கு உள்ளே காசு கொடுத்துச் சேர்ந்தவர்கள். படத்தில் நீலம் இருக்கும், ஊஞ்சல் இருக்கும், சாய்ந்த தென்னை ஒன்று இருக்கும். வலை இருக்காது, படகு இருக்காது, கருவாடு காயாது. சாலை நெடுகிலும் குப்பங்கள் இருக்கின்றன. ஆனால் விளம்பரத்துக்குப் பனையூர் போதும், பனையூர்க் குப்பம் வேண்டாம்.

இதே மனைக்கு இன்னொரு பிரதியும் உண்டு. அதுதான் கிரையப் பத்திரம். அதன் மொழி வறண்டது, ஆனால் நேர்மையானது. நான்கெல்லை சொல்லும்போது கிழக்கே வந்ததும் 'கடற்கரைப் புறம்போக்குக்கு மேற்கு' என்கிற மாதிரி எழுதி நிறுத்திக்கொள்கிறது. அதாவது, கரை விற்பனைக்கு இல்லை என்பது விற்கிறவனுக்கும் தெரியும், எழுதுகிறவனுக்கும் தெரியும். கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு ஆகியவை மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை, தனியுடைமையாக்கத் தக்கவை அல்ல என்று உச்சநீதிமன்றம் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அப்படியானால் 'பிரைவேட் பீச்' என்று விற்கப்படுவது எது? கரைக்குப் போகும் வழியை அடைத்துவிடும் வசதிதான். பத்திரத்தின் கடைசியில் 'மாமூல் வழிநடைப் பாத்தியங்கள் உட்பட' என்று சம்பிரதாயமாக ஒரு தொடர் வரும். வாங்குகிறவரின் வழிநடை அதில் பத்திரமாக இருக்கிறது. தலையில் மீன்கூடையோடு தலைமுறையாக அந்த மணலில் நடந்த பெண்ணின் மாமூல் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

சட்டத்தின் மொழியும் இந்த இடத்தில் வழுக்குகிறது. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட 172ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு இரண்டு வழி காட்டியது. அப்பால் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் புதுவீடு, அங்கேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள், அரசு உதவி கிடையாது. சென்னைக் கரையிலிருந்து செம்மஞ்சேரிக்குக் குடும்பங்கள் ஏற்றி அனுப்பப்பட்டன. கடலைப் பார்க்காமல் கடல்தொழில் செய்ய வேண்டும்! பதினான்கு வருஷம் கழித்து, 2019 ஜனவரியில் புதிய அறிவிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறக் கரைகளில், மாநிலத் திட்டம் ஒப்புதல் பெற்றபின், 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கலாம். மீனவனுக்கு ஆபத்து என்று சொல்லப்பட்ட அதே மணல் இன்னொருவருக்குக் 'காட்சி' ஆவதற்கு இடையில் கடல் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. மாறியது சொல்லாடல்தான்.

இதில் தமிழ்ப் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு. நெய்தல் என்றால் இரங்கல், பொழுது எற்பாடு என்று மனப்பாடம் செய்வித்த நமது வகுப்பறை, கரையை ஒரு மனநிலையின் பின்திரையாக மாற்றி வைத்தது. அதுவும் ஒருவகை 'சீ வியூ'தான். ஆனால் நற்றிணையின் 45ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். தேரில் வருகிறவன் கடைத்தெருக்கள் நிறைந்த பழைய ஊரின் செல்வன் மகன். தோழி அவனிடம் சொல்கிறாள்: இவள் கடலுக்குள் போய் மீன் பிடிக்கிறவர்களின் மகள், நாங்கள் நிணமீனை அறுத்துக் காயவைத்துப் புள் ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் வீசும், தள்ளி நில், உன்னைப் போன்ற செம்மல்கள் எங்களிலும் உண்டு. உரைகாரர்கள் இதைச் சேட்படுத்தல் என்று துறைக்குள் அடக்கிவிடுகிறார்கள். நாமோ கரைக்கு உரியவர்கள் கரைக்கு வருகிறவனை அளந்து பேசும் பேச்சாக இதை வாசிக்கலாம். விளம்பரப் பிரதியில் மணமே இல்லாததன் காரணம் அப்போது விளங்கும். புலால் வீசும் இடத்தில் உழைப்பு இருக்கிறது, உழைப்பு இருக்கும் இடத்தில் உரிமைக் கேள்வி வந்துவிடும்.

வாங்குகிறவர் எல்லாரும் வில்லன்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஓய்வூதியப் பணத்தைப் போட்டுக் கடற்காற்றில் கடைசிக் காலத்தைக் கழிக்க ஆசைப்படுகிறவரும் அதில் இருக்கிறார். கொச்சி மரடில், கடலோர விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்சநீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, பத்திரமும் வரி ரசீதும் வைத்திருந்த குடும்பங்கள்தான் தெருவில் நின்றன. விளம்பரப் பிரதி அவர்களையும் ஏமாற்றியது. ஆனால் இரண்டு இழப்பும் ஒன்றல்ல. அவர்களுக்குப் போனது வீடும் முதலும். வழி அடைபட்ட குப்பத்துக்குப் போவது தொழிலும் ஊரும்.

எனவே கரையோரம் வீடு தேடுகிறவர், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிற அக்கறையோடு, படகு எங்கே ஏறுகிறது, வலை எங்கே காய்கிறது, பாதை எது என்று பக்கத்துக் குப்பத்தில் கேட்க வேண்டும். நமக்கு வேறு வேலை இருக்கிறது. கரையோர மேலாண்மைத் திட்டத்தின் நிலஅளவை வரைபடங்களில் மீனவ ஊர்களும், மீன் உலர்த்தும் இடங்களும், அவர்களின் பொதுச் சொத்துகளும் குறிக்கப்பட வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. அந்த வரைபடங்களையும் இலக்கியப் பிரதிகளைப் போலவே வரிவரியாக வாசிக்கப் பழக வேண்டும். குறிக்கப்படாத களம் காலிமனையாகிவிடும். காலிமனைக்கு விளம்பரம் எழுத ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.