திரையில் நோயுற்ற குழந்தை

ஸ்ரீதர் 1962-ஆம் ஆண்டில் இயக்கிய "நெஞ்சில் ஓர் ஆலயம்" என்னும் படத்தைக் கண்ணீர் வடிக்காது பார்த்தவர் எங்கள் பெக்கோக் தோட்டத்து முதியோரில் அரியர். ஏறக்குறைய முழுக் கதையையும் ஒரு வைத்தியசாலைக்குள்ளேயே நடத்திய துணிவு பாராட்டத்தக்கதே. புற்றுநோய் கண்டவன் கதாநாயகியின் கணவன். அவனன்றி, குட்டி பத்மினி நடித்த நோயாளிச் சிறுமி ஒருத்தியும் அதில் உண்டு. அண்மையில் யான் அதை மீண்டும் பார்த்தபோது, இரத்தப் புற்றுக்கு மருந்து பெற்றுத் திரும்பிய பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண் அருகில் இருந்தாள்.

"கிராணி மாமா, இவளுக்கு மட்டும் ஏன் முடி கொட்டவில்லை?" என்றாள்.

படத்தைக் குறை கூறல் நியாயமன்று. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்பார், இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு மருந்தினால் தற்காலிக நலம் கண்டதை வெளியிட்டதே 1948-இல்தான். அக்காலத்தே அப்பிள்ளைகள் பெரும்பாலும் மாண்டனர். ஆதலின் அழகிய குழந்தையை அழகு குன்றாமலே சாகவிடுவது கதைக்கு எளிதாயிற்று. ஆங்கிலப் பள்ளியில் யான் படித்த டிக்கன்ஸும் 1841-இல் நெல் என்னும் சிறுமியை அவ்வாறே மாயச் செய்தார். இன்றோ வசதி மிக்க நாடுகளில் புற்றுற்ற குழந்தைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கின்றனர். பிழைத்தவள் வேறோர் உடம்போடு கண்ணாடிமுன் நிற்கிறாள். நோயணுக்களைப் போலவே விரைந்து பெருகும் மயிர்க்கால் அணுக்களையும் மருந்து தாக்குகின்றது. ஸ்டீராய்டு முகத்தை உப்பச் செய்கின்றது. இந்த முகத்தை எழுத நம் கதாசிரியர்களில் எத்தனை பேர் முனைந்தனர்?

நம்மவரிடையே மொட்டைத் தலைக்கு ஆயத்தமான விளக்கம் ஒன்றுண்டு. "பத்துமலை நேர்த்திக்கடன்" என்றே அவள் தாய் அயலாரிடம் சொல்லிவந்தார். அன்பென்று எண்ணி யானும் அதற்கு ஒத்து ஊதினேன். ஒருநாள் அவள் கேட்டாள்: "நேர்த்திக்கு முடி இறக்கினால் புருவமும் போகுமா, மாமா?" எனக்கு நா எழவில்லை. முடி மீண்டும் முளைக்கும் என்பது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் அவள் கேட்டது அதுவன்று. மறைக்கவேண்டிய முகம் தன் முகம் என்று எங்கள் பொய் அவளுக்குக் கற்பித்துவிட்டது.

இப்பொழுது தலைத்துணியின்றியே லயத்து வாசலில் அமர்ந்து படிக்கிறாள். முடி கொட்டிய பெண் கடைசி ஏடுவரை உயிரோடிருக்கும் தமிழ்க் கதை ஒன்று வேண்டுமாம். என் அலமாரியை இருமுறை தேடிவிட்டேன்.