அடுப்பில்லாத ஊர்

1999-இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டின் துணைத்தலைப்பு ‘தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்’, அதாவது அரசர்களின் காலம். ஆனால் வழக்கமான ஆட்டம் தொடங்கும்போது திரையில் அரசர் இல்லை. நகர மையம் என்ற கட்டடம், பெரும்பாலும் மூன்று கிராமத்தார், வேவு பார்க்க ஒரு குதிரைவீரன், அவ்வளவுதான். ஆடறுத்து, மரம் வெட்டி, வயல் போட்டு, பொன் தோண்டினால்தான் படை திரட்ட முடியும்.

1997-இல் வந்த முதல் பாகத்தில் இந்தக் கிராமத்தார் அனைவரும் ஆண்கள். பெண்கள் இரண்டாம் பாகத்தில்தான் வந்தார்கள். நகர மையத்திலிருந்து வெளிவருவது ஆணா பெண்ணா என்பது தற்செயல். இருவருக்கும் விலை 50 உணவு. வேகம், வலு, வேலை எல்லாம் ஒன்றே. காட்டுப்பன்றியை வேட்டையாடுகிறவளும் கோட்டை கட்டுகிறவளும் அவளே.

கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த விளையாட்டை விட முடியாமல் இருப்பதற்குப் போரைக் காரணமாகச் சொல்வார்கள். நான் ஊரைச் சொல்வேன். தேர்ந்த ஆட்டக்காரர்கள் வாள்களை எண்ணுவதற்கு முன் உழைக்கும் கைகளை எண்ணுகிறார்கள். வேலையின்றி நிற்பவரைத் தேடித்தரத் தனிப் பொத்தானே உண்டு. வரலாற்றுப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிப்போகும் உழைப்பை இந்த ஆட்டம் நொடிக்கணக்கில் கவனிக்க வைக்கிறது. அதில் பெண்ணும் இருப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் இந்தச் சமத்துவம் எப்படிச் சாத்தியமானது? 25 நொடிகளில் ஒருத்தி வளர்ந்த ஆளாகவே வெளியே வருகிறாள். யாரும் அவளைச் சுமக்கவில்லை, பாலூட்டவில்லை. உணவு குவிகிறது, சமைப்பவர் இல்லை. வீடு என்பது ஐந்து பேருக்கான இடம் என்ற எண்ணிக்கை மட்டுமே. யாரும் உள்ளே போய்ப் படுப்பதில்லை. வீட்டு வேலையை உலகத்திலிருந்தே எடுத்துவிட்ட பிறகுதான் பெண் கைக்குக் கோடரி வந்திருக்கிறது. நமக்கோ இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

அந்த வேலையின் தடயம் ஒன்று மிஞ்சியிருக்கிறது: தறி. 50 பொன் கொடுத்தால் கிராமத்தாரின் உயிர்வலு 25-இலிருந்து 40 ஆகிறது. இடைக்கால ஐரோப்பாவில் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். இங்கே தறி இருக்கிறது, நூற்றவள் இல்லை. அந்தப் பாதுகாப்பும் தேவைதான். எதிரியின் குதிரைப்படை முதலில் தேடி வருவது வயலில் நிற்பவர்களை. அதை நல்ல உத்தி என்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

1999 பதிப்பின் படைக்கூடங்களிலிருந்து வரும் வீரர்கள் அனைவரும் ஆண்கள். விதிவிலக்கு, தொடர் ஆட்டத்தின் நாயகியான ஜோன் ஆஃப் ஆர்க். அவள் கதையையும் ஒரு படைவீரனின் குரலில்தான் கேட்கிறோம். ஆறாவது, கடைசி ஆட்டத்தில் அவள் உயிரோடு இல்லை. பின்னாளில் எத்தியோப்பியாவின் யோதித், போலந்தின் யாத்விகா, ஜார்ஜியாவின் தாமார் ஆகியோர் வந்தார்கள். 2022-இல் திராவிடர்கள் சேர்ந்தபோது நமக்கு இராஜேந்திர சோழன் கிடைத்தான். அரசிகள் கூடியது நல்லதே. ஆனால் அரசியருக்குப் பெயர் உண்டு; மரம் வெட்டுகிறவளுக்கு இன்றும் இல்லை.

எதிரி வந்தால் மணியடிக்கலாம். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஒளிவார்கள். மறுபடி அடித்தால் வெளியே வந்து, கூட வேலை செய்தவர்கள் செத்துக் கிடக்கும் வயலுக்கே திரும்புவார்கள். ஆட்டம் தொடரும்.